33 வயதில் மேடை, 71 வயதில் ஆஸ்கார்

(நமது மூத்தோர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியைப் பற்றியோ, 15எச் படிவத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நமது செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இந்த முறை சர்க்கரை, பிரஷர், உயில், வட்டி எதுவும் வேண்டாம். வேறு ஏதாவது பேசுங்கள்." ஆகவே உங்கள் யாருக்கும் உறவில்லாத, ஆனால் நம் ஊரோடு ஒரு பழைய தொடர்புள்ள ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் மார்கரெட் ரூதர்போர்டு. ஆங்கிலப் படங்களில் குணச்சித்திர வேடங்களில் நடித்தவர்.

பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்துவிடும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் என்ற துப்பறியும் பாட்டியாகக் கறுப்பு வெள்ளைப் படங்களில் வருவாரே, அவர்தான். அடுக்கடுக்காய் மோவாய், பருத்த உடம்பு, தோளில் ஒரு பெரிய கம்பளிப் போர்வை மேலங்கி, எதையாவது கண்டுபிடித்துவிட்டால் உதட்டை ஒரு மாதிரி குவித்துக்கொண்டு முழிக்கிற முழி. அந்த முழிக்காகவே நான் அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

சிரிக்க வைத்த அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த கதை அவ்வளவு சிரிப்பானது இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

மார்கரெட்டின் அப்பா பெயர் வில்லியம் பென். கல்யாணமான ஒரு மாதத்தில் அவருக்கு மனநிலை பாதித்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொஞ்சம் தேறியதும், இடமாற்றம் நல்லது என்று அவருடைய தந்தை, பாதிரியார் ஜூலியஸ் பென், மகனை மாட்லாக் என்ற மலைப்பாங்கான ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே தங்கியிருந்த இடத்தில் 1883 மார்ச்சில், நோயின் உச்சத்தில், மகன் தந்தையைக் கொன்றுவிட்டார். நீதிமன்றம் அவரை பிராட்மூர் மனநோய்ச் சிறை மருத்துவமனைக்கு அனுப்பியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1890-ல், குணமாகிவிட்டார் என்று விட்டார்கள். மனைவி ஃப்ளாரன்ஸ் அத்தனை வருடமும் காத்திருந்தார். ஊர் வாய்க்குப் பயந்து 'பென்' என்ற குடும்பப் பெயரைச் சட்டப்படி நீக்கிவிட்டு, நடுப்பெயரான ரூதர்போர்டை வைத்துக்கொண்டு புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 1892 மே 11-ம் தேதி லண்டனில் மார்கரெட் பிறந்தார்.

பெயரை மாற்றியும் போதவில்லை போலிருக்கிறது. தெரிந்தவர் யாரும் இல்லாத தூர தேசத்துக்குப் போய்விடலாம் என்று கைக்குழந்தையோடு கப்பலேறினார்கள். எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? நம் மதராஸுக்கு!

ஆமாம், பிற்காலத்தில் ஆஸ்கார் வாங்கிய அந்தக் குழந்தை தத்தித் தத்தி நடை பழகிய வயதில் இருந்தது நம் சென்னப்பட்டணத்தில்தான். ஆனால் மதராஸ் அவர்களைக் காப்பாற்றவில்லை. மார்கரெட்டுக்கு மூன்று வயதாகும்போது, மறுபடியும் கர்ப்பமாக இருந்த தாய் ஃப்ளாரன்ஸ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். குழந்தையைத் திரும்பவும் கப்பலேற்றி, லண்டனில் விம்பிள்டன் பகுதியில் இருந்த பெஸ்ஸி நிக்கல்சன் என்ற சித்தி முறையாகும் பெண்மணியிடம் அனுப்பிவிட்டார்கள். அந்த பெஸ்ஸி அம்மாள்தான் அம்மாவுக்கு அம்மாவாக இருந்து வளர்த்தார்.

"உன் அப்பாவும் மனமுடைந்து இறந்துவிட்டார்" என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சுமார் 12 வயதில் உண்மை தெரிந்தது. அப்பா இறக்கவில்லை. மறுபடியும் நோய் முற்றி அதே பிராட்மூரில் அடைபட்டிருக்கிறார். அவர் 1921 வரை உயிரோடு அங்கேயே இருந்தார். அப்போது மார்கரெட்டுக்கு 29 வயது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாத்தா கொலை, அப்பா மனநோய், அம்மா தற்கொலை. "எனக்கும் அது வருமோ" என்ற பயம் அந்தப் பெண்ணின் மனதில் விழுந்துவிட்டது. கடைசி வரை போகவில்லை. நம் வீடுகளிலும் இப்படி ஒரு 'அந்தப் பேச்சை எடுக்காதே' இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வரன் பார்க்கும்போது பெரியப்பா ஒருவர் பெயர் மட்டும் விட்டுப்போகும். குழந்தைகளிடம் மறைப்பது அவர்கள் நன்மைக்காகத்தான் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். இது மார்கரெட் விஷயத்தில் நன்மை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்பே பக்குவமாக யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம். உங்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள், மாற்றுக் கருத்து இருந்தால் பிறகு சொல்லுங்கள்.

இன்னொரு சின்னத் தகவல். நீக்கிவிட்ட அந்த 'பென்' குடும்பம் சாதாரணக் குடும்பம் அல்ல. மார்கரெட்டின் பெரியப்பா மகன் வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியா மந்திரி. அதாவது காந்திஜி தண்டிக்கு நடந்தபோது லண்டனில் இந்தியா விவகாரத்தைக் கவனித்தவர் இந்த அம்மாவின் அண்ணன் முறை. அவருடைய மகன்தான் தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்த டோனி பென்.

சரி, நடிப்புக்கு வருவோம்.

மார்கரெட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே மேடை ஆசை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? பியானோ டியூஷன், பேச்சுப் பயிற்சி டியூஷன். இருபதுகள் முழுவதும் அப்படியே ஓடிப்போயின. பெஸ்ஸி சித்தி இறந்தபோது கொஞ்சம் ஆண்டுத்தொகை வரும்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பணத்தை நம்பி டியூஷனை விட்டுவிட்டு லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதல் மேடை 1925-ல். வயது 33. அந்தக் காலத்தில் கதாநாயகிகள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது அது. அழகு என்று சொல்லும்படியும் இல்லை. அதை அவரே நன்றாக அறிந்திருந்தார்.

உடனே எல்லாம் கூடி வந்துவிடவும் இல்லை. வாய்ப்பில்லாமல் திரும்பவும் டியூஷன், பிறகு சின்ன ஊர் நாடகக் குழுக்கள் என்று பல வருடம் போயிற்று. லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் பகுதிக்கு வந்தது 1933-ல். முதல் சினிமா 1936-ல், 'டஸ்டி எர்மின்'. கள்ள நோட்டுக் கும்பலில் ஒருத்தியாக நடித்தார். பேங்க் ஆசாமி என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கவுண்டரில் அவர் முகத்தோடு யாராவது நோட்டுக் கட்டை நீட்டியிருந்தால் நான் விளக்கில் காட்டிப் பார்க்காமலே வாங்கியிருப்பேன்.

1938-ல் 'ஸ்பிரிங் மீட்டிங்' என்ற நாடகத்தில் குதிரைப் பந்தயப் பைத்தியம் பிடித்த ஒரு முதிர்கன்னி அத்தை வேடம். அதுதான் அவரை நகரம் முழுக்கப் பேச வைத்தது. அப்போது வயது 46.

1941-ல் நோயல் கவர்டு எழுதிய 'பிளைத் ஸ்பிரிட்'. ஒரு எழுத்தாளர், நாவலுக்கு விஷயம் சேகரிப்பதற்காக, ஆவிகளோடு பேசும் ஒரு பெண்மணியை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறார். அவள் கூப்பிட, எழுத்தாளரின் இறந்துபோன முதல் மனைவியின் ஆவி உண்மையாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவது மனைவி உயிரோடு பக்கத்தில் இருக்கிறாள்! அந்த ஆவி அம்மாள், மேடம் ஆர்காட்டி, மார்கரெட்தான். ஆவி என்றால் இருட்டு, குங்குமம், உருட்டிய கண் என்றெல்லாம் இல்லை. சைக்கிளில் ஜம்மென்று வந்து இறங்குவார். பள்ளிக்கூட டிரில் டீச்சர் மாதிரி சுறுசுறுப்பு. பல்லைக் காட்டிச் சிரிப்பு மூட்ட முயலவே மாட்டார். மேடம் ஆர்காட்டி தன் தொழிலை முழு மனதோடு நம்புகிறாள், அவ்வளவுதான். நமக்குத்தான் சிரிப்பு அடங்காது.

இதுதான் அவருடைய நடிப்பின் ரகசியம் என்று நான் நினைக்கிறேன். தன்னை ஒரு சிரிப்பு நடிகை என்று அவர் எந்தக் காட்சியிலும் காட்டிக்கொள்வதில்லை. அந்தப் பாத்திரத்துக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

போர்க்கால லண்டனில் சாவைப் பற்றி ஒரு வேடிக்கை நாடகமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஜனங்களோ வரிசையில் நின்று பார்த்தார்கள். லண்டனில் மட்டும் 1,997 முறை நடந்தது. 1945-ல் டேவிட் லீன் அதைக் கலர் படமாக எடுத்தார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'எ பாஸேஜ் டு இந்தியா' எல்லாம் பிறகு எடுத்தாரே, அதே டேவிட் லீன். படத்திலும் மேடம் ஆர்காட்டி மார்கரெட்தான்.

அந்த 1945-லேயே அவருக்குக் கல்யாணமும் ஆயிற்று. வயது 53. மாப்பிள்ளை ஸ்ட்ரிங்கர் டேவிஸ், 46 வயது, அவரும் நடிகர். இருவரும் 15 வருடமாகப் பழகியவர்கள். ஏன் இவ்வளவு தாமதம்? மாமியாருக்குப் பிடிக்கவில்லை! தன் மகனுக்கு இந்தப் பெண் பொருத்தமில்லை என்று அந்த அம்மா நினைத்தார். மகனும் அம்மா மனதை நோகடிக்கவில்லை, காதலியையும் விடவில்லை. அம்மா காலமான பிறகுதான் திருமணம். இதெல்லாம் நம் பக்கம் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

போருக்குப் பிந்தைய படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1949-ல் 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. லண்டனில் ஒரு தெருவில் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடிக்கிறது. பள்ளத்தில் ஒரு பழைய ஆவணம் கிடைக்கிறது. அதன்படி அந்தப் பேட்டை இங்கிலாந்துக்கே சொந்தமில்லை, பர்கண்டி என்ற பழைய நாட்டுக்குச் சொந்தம். ஜனங்கள் உடனே ரேஷன் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தனி நாடு நடத்தக் கிளம்பிவிடுகிறார்கள். ஆவணம் அசல்தான் என்று சாட்சி சொல்லும் சரித்திரப் பேராசிரியை நம் மார்கரெட். நம் அசோசியேஷன் பொதுக்குழுவில் உட்கார்ந்து பழகியவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு குடியிருப்பு தன்னைத் தானே ஆள ஆரம்பித்தால் என்னென்ன தலைவலி வரும் என்று அச்சாக எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று 1950-ல் வந்த 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்'. அரசு அலுவலகத்தில் நடந்த ஒரு குளறுபடியால் ஆண்கள் பள்ளிக்கூடம் இருக்கும் கட்டடத்திலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை மார்கரெட், ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியர் அலஸ்டேர் சிம். பெண்கள் பள்ளிப் பெற்றோர்களும் வேறொரு ஆண்கள் பள்ளியின் நிர்வாகிகளும் ஒரே நாளில் பார்வையிட வர, ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் பிள்ளைகளை அறைக்கு அறை மாற்றி ஓட்டுகிற கட்டம் இருக்கிறதே, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கோ ஒரு மேஜையில் யாரோ ஒரு குமாஸ்தா தப்பான கட்டத்தில் டிக் போட்டதன் விளைவு! 40 வருடம் அந்த மாதிரி மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தப் படத்தின் பயங்கரம் புரியும்.

1952-ல் ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. கைப்பையில் குழந்தையை மறந்து வைத்துவிட்ட மிஸ் பிரிசம். சின்ன வேடம்தான். ஆனாலும் நினைவில் நிற்கிறது.

இப்போது மிஸ் மார்ப்பிள். 1961-ல் 'மர்டர் ஷீ செட்', 1963-ல் 'மர்டர் அட் தி கேலப்', 1964-ல் 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', 'மர்டர் அஹாய்'. ஆக மொத்தம் நான்கு படங்கள். முதலில் கேட்டபோது கொலைக் கதையில் நடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக் கதையை அறியாத உலகத்துக்கு அன்று அது ஒரு கிழவியின் பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். டைரக்டர் ஜார்ஜ் போலாக் பேசிச் சம்மதிக்க வைத்தார். அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். சொந்த உடைகளைத்தான் உடுத்துவேன். கணவருக்கும் ஒரு வேடம் வேண்டும். அந்தப் படங்களில் மிஸ் மார்ப்பிளுக்கு உதவியாகக் கூடவே வரும் சாதுவான நூலகர் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் இருக்கிறாரே, அவர்தான் நிஜ வாழ்க்கைக் கணவர். கதாசிரியர் எழுதிய நாவல்களில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

கிறிஸ்டி ரசிகர்களுக்கு இந்தப் படங்கள் மேல் கோபம் உண்டு. நியாயமான கோபம்தான். நாவலில் மிஸ் மார்ப்பிள் ஒல்லியான, அமைதியான, பின்னல் ஊசியோடு மூலையில் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டி வைத்திருக்கும் கிழவி. மார்கரெட்டோ குதிரை ஏறுகிறார், கத்திச் சண்டை போடுகிறார். நான்கில் இரண்டு, உண்மையில் பொய்ரோ துப்பறிந்த கதைகள். கடைசிப் படம் எந்த நாவலும் இல்லை, சினிமாக்காரர்களே எழுதிக்கொண்டது. கிறிஸ்டிக்குப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனால் நடிகையைப் பிடித்திருந்தது. 1962-ல் வெளிவந்த மிஸ் மார்ப்பிள் நாவல் ஒன்றை மார்கரெட் ரூதர்போர்டுக்கே சமர்ப்பணம் செய்தார். ஆளை வேறு, வேலையை வேறு என்று பிரித்துப் பார்க்கிற அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்தது.

முதல் படத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய வீட்டில் வேலை செய்யும் மிஸஸ் கிட்டர் என்ற பெண்மணியாக வருபவர் ஜோன் ஹிக்சன். 1984 முதல் 1992 வரை பி.பி.சி. தொடரில் மிஸ் மார்ப்பிளாக நடித்து, நாவலில் இருப்பது போலவே இருக்கிறார் என்று எல்லோரும் கொண்டாடியவர் இவர்தான். பழைய மார்ப்பிளும் புது மார்ப்பிளும் ஒரே படத்தில்.

ஆஸ்கார் வந்தது மார்ப்பிளுக்கு அல்ல. 1963-ல் 'தி வி.ஐ.பி.ஸ்'. லண்டன் விமான நிலையத்தில் பனிமூட்டத்தால் விமானங்கள் கிளம்பவில்லை. காத்திருக்கும் பணக்காரப் பயணிகளின் கதைகள். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும் கதாநாயகி, கதாநாயகன். மார்கரெட் ஒரு வயதான சீமாட்டி. பட்டம் இருக்கிறது, பரம்பரை மாளிகை இருக்கிறது, அதைப் பராமரிக்கப் பணம் இல்லை. வீட்டைக் காப்பாற்ற அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போகிறாள். விமானம் ஏறுவது முதல் தடவை. பயத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவர் படுகிற பாடு! நட்சத்திரங்களின் காதல் சண்டை எனக்கு மறந்துவிட்டது. கைப்பையைத் துழாவும் அந்தச் சீமாட்டி மறக்கவில்லை. சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் 1964 ஏப்ரலில் அறிவித்தபோது அவருக்கு வயது 71. 1967-ல் அரசு 'டேம்' பட்டமும் கொடுத்தது.

வெளியே இவ்வளவு புகழ். வீட்டில் என்ன நிலை? மன அழுத்தம் அவ்வப்போது வந்து அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டது. மருத்துவமனையில் தங்கி மின்சார அதிர்ச்சி சிகிச்சை எடுத்துக்கொண்ட காலமும் உண்டு. பத்திரிகைகளுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டவர் ஸ்ட்ரிங்கர். பெட்டி தூக்குவது, டீ போடுவது, வெந்நீர்ப் பை நிரப்புவது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, கெட்ட நாட்களில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. தன் நடிப்பு வாழ்க்கையில் அவர் பெரிதாக எதையும் அடையவில்லை. மனைவி படங்களில் வரும் சின்னச் சின்ன வேடங்கள்தான். அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டவராகத் தெரியவில்லை. அந்த நான்கு படங்களில் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர் ஒவ்வொரு முறையும் கவலையோடு மிஸ் மார்ப்பிளைப் பார்க்கிற பார்வை நடிப்பே இல்லை என்பது இதை அறிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

1965-ல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சைம்ஸ் அட் மிட்நைட்' என்ற ஷேக்ஸ்பியர் படத்தில் விடுதிக்கார அம்மாவாக வருகிறார். ஃபால்ஸ்டாஃப் இறந்துபோன விதத்தை விவரிக்கும் ஒரு காட்சி. சிரிப்பு ஒரு பொட்டும் கிடையாது. அவரைச் சிரிப்பு நடிகை என்று மட்டும் நினைப்பவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

1966-ல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் 'தி ரைவல்ஸ்' நாடகம். வார்த்தைகளைத் தப்புத் தப்பாகப் பயன்படுத்தும் மிஸஸ் மாலப்ராப் வேடம், அவருக்கென்றே எழுதியது போன்றது. ஆனால் சில வாரங்களிலேயே உடல்நிலை காரணமாக விலக வேண்டியதாயிற்று. பிறகு ஒரு படத்தில் ஒப்பந்தமாகி, முடியாமல் போய், வேறு நடிகையைப் போட்டார்கள். அல்சைமர் என்று நாம் சொல்கிற மறதி நோய். சிறு வயது முதல் பயந்துகொண்டிருந்த நோய் ஒன்று, கடைசியில் வந்தது வேறு ஒன்று. அப்போதும் ஸ்ட்ரிங்கர்தான் பார்த்துக்கொண்டார். இந்த அறையில் இருக்கும் உங்களில் சிலருக்கு அந்த வேலை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1972 மே 22-ம் தேதி, 80 வயது முடிந்து பதினோரு நாளில், மார்கரெட் காலமானார். அடுத்த ஆண்டே ஸ்ட்ரிங்கரும் போய்விட்டார். கல்லறை ஜெரார்ட்ஸ் கிராஸ் என்ற ஊரில் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது மேடம் ஆர்காட்டி நடித்த அந்த நாடகத்தின் பெயரைத்தான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதே இடத்தில் 'மர்டர் ஷீ செட்' படத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆங்கிலம் வேகமாக இருக்கும், கீழே எழுத்து ஓடும்படி வைத்துவிடலாம். முன்வரிசையில் கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு நாற்காலி ஒதுக்கி வைக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் செக்யூரிட்டி மேஜையில் இருக்கும் நோட்டில் ஃபிளாட் நம்பரை எழுதி வையுங்கள். சுண்டல் எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டும்.